அலை இல்லாத ஊரில் ஒரு துறைமுகம்

ஏப்ரல் கடைசியில் கோயம்புத்தூர் நண்பன் ஒருவன் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினான். சாயங்காலம் எல்லாரையும் பீச் ரோட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கடலை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள், "மாமா, இது ஏரிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பிள்ளை கேட்டதில் தப்பில்லை. தூத்துக்குடி கடலில் அலையே கிடையாது, கரையில் தட்டுத் தண்ணீர் மாதிரி சலசலவென்று ஏதோ அசையும், அவ்வளவுதான். மெரினாவையும் கன்னியாகுமரியையும் பார்த்தவர்கள் எங்கள் ஊர்க் கடலைப் பார்த்தால் "இதுக்கா வந்தோம்" என்கிற முகத்தோடு திரும்புவார்கள். எல்லாரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், யாரும் எங்கள் ஊருக்கு வருவதில்லை. பைபாஸில் வண்டியை நிறுத்தி மக்ரூன் வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தொடங்கி, ராத்திரி பரோட்டாக் கடை வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தேன். பேசப் பேச எனக்கே ஒன்று பிடிபட்டது. எங்கள் ஊருக்கு வரலாறு, தொழில், சண்டை, சாப்பாடு என்று என்னவெல்லாம் இருக்கிறதோ அதில் பாதிக்கு மேல் இந்த அலையில்லாத, ஆழமில்லாத கடலால் வந்ததுதான். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அலை ஏன் இல்லை. கிழக்கே இலங்கை குறுக்கே படுத்திருக்கிறது, வங்காள விரிகுடாவின் கோபத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதற்கு இப்பால் மன்னார் வளைகுடாவில் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையாக 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். எங்கள் ஊருக்கு நேரே வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலங்குசல்லி. இவையெல்லாம் தாண்டி ஒரு அலை கரைக்கு வந்து சேருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். கடலும் ஆழமில்லை. நெடுந்தூரம் போனாலும் தரை தட்டுகிற கடல். கப்பல்காரனுக்கு இது பிடிக்காது, சிப்பிக்கு ரொம்பப் பிடிக்கும்.

துறைமுகம் என்று எடுத்துக்கொண்டால் தூத்துக்குடி இந்தக் கரையில் மூன்றாவது ஆள். முதலில் இருந்தது கொற்கை, பாண்டியர்களின் துறை, சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர் போன இடம். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பிலும் இந்த ஊர் வருகிறது. அங்கே முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இன்றைக்குக் கொற்கைக்குப் போய்ப் பாருங்கள், சுற்றிலும் வயலும் வாழையும்தான். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் மூடிப்போனது. நாணயம் அடிக்கிற இடத்துக்கு அக்கசாலை என்று பெயர், அந்தப் பெயரில் ஒரு கோவில் இன்னும் அங்கே நிற்கிறது. ஒரு பெரிய வன்னி மரமும் உண்டு, வயது இரண்டாயிரம் என்று ஊர்க்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். நான் வாதம் பண்ணுவதில்லை.

கொற்கை போனதும் காயல் வந்தது, இன்றைய பழையகாயல். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து பார்த்து, பெரிய ஊர், மேற்கே ஓர்முஸ், ஏடன் பக்கமிருந்தெல்லாம் குதிரைகளோடு கப்பல்கள் வந்து நிற்கின்றன என்று எழுதியிருக்கிறார். அதையும் ஆறு விடவில்லை, மண்ணைப் போட்டு மூடியது. ஆற்று வாயில் கடை போட்டால் இதுதான் கதி என்று புரிந்துகொண்ட மாதிரி, வியாபாரம் மெல்ல வடக்கே நகர்ந்து தாமிரபரணி வாய்க்கு எட்டாத தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயருக்குப் பல விளக்கம் சொல்வார்கள். தூர்த்துக் குடியேறியதால் தூத்துக்குடி என்பது ஒன்று, ராமாயணத்துத் தூதுவனை இழுத்து வருவது இன்னொன்று. சிவன் கோவில் வட்டாரத்தில் கேட்டால் இது திருமந்திர நகர் என்பார்கள். எனக்குத் தூர்த்த கதைதான் பிடிக்கும், மற்ற இரண்டு துறைகளையும் கொன்றது தூர்வதுதானே.

ஊர் ஊரானது முத்தால். அந்தத் தட்டுக் கடலுக்கு அடியில் சிப்பி படியும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர், கரையில் ஒவ்வொரு பாருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. சிப்பி விளைந்திருக்கிறதா என்று முதலில் ஆள் இறக்கிப் பார்த்து, விளைந்திருந்தால் மட்டும் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பார்கள். எல்லா வருடமும் நடக்காது. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையில் கிடைத்த சிப்பியைக் கூடையில் அள்ளிப் போட்டு, கயிற்றை ஆட்டினால் மேலே இழுப்பார்கள். சுறா வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று மந்திரம் தெரிந்தவர் ஒருவர் படகிலோ கரையிலோ இருப்பார், அவருக்கும் விளைச்சலில் பங்கு. சிப்பிகளைக் கரையில் குவித்து அழுக விட்டுத்தான் முத்து எடுப்பார்கள். அந்த நாற்றத்தை யோசித்தால் கழுத்தில் முத்துமாலை போட மனசு வராது.

இந்த முத்துக்காகத்தான் எல்லா வெளியாட்களும் வந்தார்கள். 1530களில் பரதவர்களுக்கும் முத்து வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகளுக்கும் மோதல் முற்றியபோது, பரதவத் தலைவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும். இரண்டு மூன்று வருடத்துக்குள் கடற்கரை முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கத்தோலிக்கரானார்கள். ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்துதான் ஜெபங்களைத் தமிழில் எழுதச் சொல்லி மனப்பாடம் பண்ணி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் தமிழை ஒழுங்காகப் படித்தார். அவர் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது, தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சடித்த முதல் புத்தகம் அதுதான். முத்துக்கு வந்த கப்பலில் அச்செழுத்தும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பள்ளிக்கூட வகுப்பில் பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ, மிராண்டா, கோமஸ் என்று வருகைப் பதிவேடு வாசிக்கையில் லிஸ்பனில் ஏதோ பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்பான், கறுத்து மெலிந்த திரேஸ்புரத்துப் பையன். இதில் எங்களுக்கு அதிசயமே தெரிந்ததில்லை. வெளியூர் கல்லூரிக்குப் போன பிறகுதான், "நீங்க ஆங்கிலோ இந்தியனா?" என்று என் நண்பனைக் கேட்டபோது அவன் விழித்ததைப் பார்த்துச் சிரித்தேன்.

பனிமய மாதா கோவிலை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். இப்போது நிற்கிற கோவிலில் முதல் பூசை 1713 ஆகஸ்ட் 5இல் நடந்தது, 1982இல் போப்பாண்டவர் பசிலிக்கா ஆக்கினார். மாதா சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்வார்கள். இதில் எனக்கு ருசியான விஷயம் வேறு. 1713இல் ஊர் போர்த்துக்கீசியர் கையிலேயே இல்லை. 1658இலேயே டச்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அவர்கள் கத்தோலிக்கத்தை வெறுத்தவர்கள், பரதவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் படாத பாடு பட்டார்கள், நடக்கவில்லை. ஆள்கிறவன் கையில் அதிகாரம், ஆளப்பட்டவன் கையில் மாதா. கடைசியில் அவர்கள் ஆட்சியிலேயே இந்தக் கோவில் எழும்பியது. திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடியும். தங்கத் தேர் எல்லா வருடமும் ஓடாது, விசேஷ வருடங்களில்தான். கோவிலின் 300ஆம் ஆண்டான 2013இல் ஓடியபோது நான் பார்த்தேன், கடைசியாக 2023இல் ஓடியது. வடம் பிடிக்கிறவர்களில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் ஆச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போய் மாதாவுக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வருவாள்.

டச்சுக்காரர்கள் விட்டுப்போனதில் முக்கியமானது 1750இல் கட்டிய திரித்துவ ஆலயம். பழைய துறைமுகப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் வருவது ஒரு சின்னச் சிரிப்புதான். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரை மூன்றெழுத்தில் சுருக்கி முத்திரையில் போட்டுக்கொள்வார்கள், வி.ஓ.சி. என்று. அந்தக் கம்பெனி முத்தும் துணியும் ஏற்றிய ஊரின் துறைமுகத்துக்கு இன்று என்ன பெயர்? வி.ஓ.சி. துறைமுகம். ஆனால் அது வேறு வி.ஓ.சி.

அவரிடம் வருவதற்கு முன்னால் தோணியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் கதை பாதிதான் புரியும்.

வெள்ளைக்காரர்களும் டச்சுக்காரர்களும் மாறி மாறி ஊரைப் பிடித்துக் கொடுத்துப் பிடித்து, 1825இல் ஊர் நிரந்தரமாக இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. முத்தைவிட இப்போது பஞ்சு பெரிது. கரிசல் காட்டுப் பருத்தி முழுக்க இங்கேதான் வந்து குவிந்து கப்பலேறியது. இன்றும் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குப் பெயர் கிரேட் காட்டன் ரோடு. வெளியூர்க்காரர்கள் அது ஏதோ காட்டன் துரையின் பெயர் என்று நினைப்பார்கள், துரையெல்லாம் இல்லை, பஞ்சுதான். 1876இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும் வரைக்கும் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மூட்டை முடிச்சோடு போன சனங்களில் ஏராளமானவர்கள் கடைசியாக மிதித்த இந்திய மண் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் கப்பல் கரைக்கு வராது. ஆழம் பத்தாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், பஞ்சு மூட்டையும் ஆளும் தோணியில் ஏறிப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். அதனால் ஊர் முழுக்கத் தோணி. தோணி கட்டுகிறவன், பாய் தைக்கிறவன், மூட்டை சுமக்கிறவன், தோணியை ஓட்டுகிற தண்டல். என் தாத்தா பழைய துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நாலு மூட்டைக்கு ஒரு தரம் பீடி, பீடி முடிந்தால் மறுபடி மூட்டை. "கப்பல் கிட்டக்க வந்திருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காதுலே" என்று அவர் சொன்னது சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் 1906. வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை ஓட்டப்பிடாரத்துக்காரர், எங்கள் ஊரில் தொழில் பார்த்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிதான் ராஜா. இவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் நாற்பதாயிரம் பங்கு. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பலை மிரட்டிப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இவர் கொழும்புக்குப் போய் வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டுகிறார். வாடகைக் கப்பல் சரிவராது என்று 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்கின்றன. எதிராளி கட்டணத்தைக் குறைக்கிறான், இவரும் குறைக்கிறார். கடைசியில் அவன் டிக்கெட்டே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள், ஒரு குடையும் தருகிறேன் என்று இறங்கி வந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்குச் செல்போன் கம்பெனிகள் பண்ணுவது எங்களுக்குப் புதிசில்லை.

பாடப்புத்தகத்தில் கப்பலும் செக்கும்தான் வரும். நடுவில் உள்ள கோரல் மில் வேலைநிறுத்தத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள், எனக்கு அதில் எப்போதும் கோபம் உண்டு. 1908 பிப்ரவரி கடைசியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வெளியே வந்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். ஊரும் நின்றது, வெள்ளைக்காரர்களுக்குச் சேவகம் பண்ண ஆள் கிடைக்காமல் திண்டாடியதாகக் கதைகள் உண்டு. ஒன்பது நாளில் மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். அடுத்த வாரமே, மார்ச் 12ஆம் தேதி, இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். கப்பல் விட்டபோது பொறுத்தவர்கள் கூலிக்காரர்களைத் திரட்டியதும் பொறுக்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரிப் படிக்கலாம். வ.உ.சி.க்குத் தண்டனை மொத்தம் நாற்பது வருடம், பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைந்து, கப்பல்கள் போட்டிக்காரர்களிடமே ஏலத்தில் போயிருந்தன. 1936இல் எங்கள் ஊரில்தான் கண்ணை மூடினார். நடுவில் 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது தெரிந்த கதை. தூத்துக்குடிக்கு ரயிலில் வரும்போது மணியாச்சியில் நிற்கும், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

வ.உ.சி. அளவுக்கு வெளியே தெரியாத ஒருவர் குரூஸ் பர்னாந்து. கடலோர ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது, ரயிலில் தண்ணீர் வந்த காலம் உண்டு. நகராட்சித் தலைவராக இருந்த அவர் 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். கொற்கையைக் கொன்ற அதே ஆறுதான் எங்களுக்குக் குடிநீர். அவர் சிலையைத் தாண்டிப் போகும்போது என் அப்பா வண்டியில் இருந்தபடியே தலையை ஒரு சாய்ப்புச் சாய்ப்பார்.

சரி, துறைமுகம். கப்பல் கிட்டே வராத ஊருக்குக் கப்பலைக் கிட்டே கொண்டுவர என்ன பண்ணினார்கள் தெரியுமா? ஆழம் கரைக்கு வராது, கரையைக் கடலுக்குள் நீட்டிவிட்டார்கள். பாறாங்கற்களைக் கொட்டிக் கொட்டி வடக்கே ஒரு கை, தெற்கே ஒரு கை. வடக்குக் கை 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, தெற்குக் கை அதற்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவில் தோண்டி ஆழப்படுத்திக் கப்பலை உள்ளே விட்டார்கள். 1974 ஜூலை 11இல் நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவித்தார்கள், 2011இல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். நிலக்கரி, உரம், மரத்தடி, கண்டெய்னர் எல்லாம் இங்கே வந்து போகும். ராத்திரியில் பைபாஸில் போனால் காற்றாலை இறகுகளை ஏற்றிய லாரிகள் ஊர்ந்து வருவதைப் பார்க்கலாம், ஒரே இறகு தெருவை அடைத்துக்கொள்ளும். திருப்பத்தில் அது திரும்புவதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும், நானும் நின்றிருக்கிறேன்.

இதில் வருத்தம் ஒன்றுதான். துறைமுக ஊர்க்காரன் நான், ஆனால் துறைமுகத்துக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது. பாஸ் வேண்டும். பொங்கல் சமயத்தில் முயல் தீவுக்குப் போவதுதான் எங்களுக்குத் துறைமுகத்தைப் பார்க்கிற நாள். கட்டுச்சோறு, கரும்பு, தலைக்கு மேல் கலங்கரை விளக்கம், பக்கத்தில் மலை மாதிரி கப்பல். தீவு என்று பெயர்தான், துறைமுகம் கட்டியதில் கரையோடு ஒட்டிவிட்டது. 2011 ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி விட்டார்கள், ஊரே துள்ளியது. நவம்பருக்குள் நின்றுபோனது. சொந்தக்காரர்கள் கொழும்பில் இருக்கிற வீடுகள் இன்னும் அதைப் பேசும்.

அதனால் வருகிறவர்களை நான் பழைய துறைமுகத்துக்குத்தான் கூட்டிப்போவேன். தோணிகள் இன்னும் இருக்கின்றன. பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது, ஆனால் உடம்பு மரம்தான். வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஓடாது, கரையில் இழுத்துப் போட்டு இடுக்கில் பஞ்சு அடைத்து எண்ணெய் பூசுவார்கள். நண்பன் மகள் ஒரு தோணியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஆணியே காணோம்" என்றாள். பெரிய பெரிய ஆணி உள்ளே போயிருக்கிறது என்று ஆசாரி ஒருவர் பொறுமையாக அவளுக்கு எடுத்துக் காட்டினார்.

அவர்கள் வந்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் மீன்பிடித் துறைமுகத்தில் அடுக்கி வைத்த செருப்பு மாதிரி நிற்கும். திரேஸ்புரம் நாட்டுப்படகுகள் மட்டும் போகும், அதனால் மீன் விலை கொதிக்கும். சீலா வாங்கலாம் என்று போய் விலையைக் கேட்டு ஊளியோடு திரும்பினேன். ஊளிக் குழம்பும் மோசமில்லை.

முத்து இப்போது கிடையாது. 1961க்குப் பிறகு சலாபம் நடக்கவே இல்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள், அதிலிருந்து பெரிய தொழில் ஏதும் வரவில்லை. ஆனால் ரயிலுக்குப் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ்! சங்கு குளி மட்டும் மிச்சம். இங்கே எடுக்கிற சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் வளையலாகும். பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பல வருடம் வெட்டி வெட்டி எடுத்ததில் விலங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவும் சுருங்கிக்கொண்டே போய், இப்போது கடலுக்கடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கித் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த மதிலை நாமே பெயர்த்து வீடு கட்டியிருக்கிறோம்.

உப்பளம் பார்க்காமல் போகாதீர்கள், ஆனால் மதியம் போகாதீர்கள். தட்டைக் கரை, வெயில், குறைந்த மழை. உப்புக்கு வேறென்ன வேண்டும். குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு அதிகம் விளைவது எங்கள் பக்கம்தான். தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட விடுவார்கள், தண்ணீரின் அடர்த்தி போமே என்கிற அளவில் 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். ரொம்ப விட்டால் கசப்பு ஏறிவிடும், வடித்துவிட வேண்டும். விடிகாலை நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும், அதில் பாதிக்கு மேல் பெண்கள். வாருபலகையால் இழுத்துக் குவித்துத் தலையில் சுமந்து கொட்டுவார்கள். காலில் வெடிப்பு, கண்ணில் அந்த வெள்ளை வெளிச்சம். ஐப்பசி மழை விழுந்தால் வேலை போச்சு, தை வரைக்கும் வீட்டில்தான். அந்த மூன்று மாதத்துக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான். நண்பன் மனைவி உப்புக் குவியல் முன்னால் நின்று படம் எடுக்கப் போனவர், சுமந்து வந்த அக்கா வழிவிடச் சொன்னதும் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு வருவோம். மக்ரூன் என்பது முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, மூன்றே மூன்று. போர்த்துக்கீசியர் காலத்துப் பலகாரம் என்பார்கள். அவர்கள் ஊரில் பாதாம், இங்கே முந்திரி. அந்த முந்திரியையும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், எங்கள் பாட்டிமார் அண்டிப்பருப்பு என்பார்கள். வெள்ளைக்கருவை நுரை நிற்கும் வரை அடித்து, காகிதக் கூம்பில் பிழிந்து, சூடு குறைந்த அடுப்பில் ராத்திரி முழுக்கக் காய விட வேண்டும். வாயில் போட்டால் கடிக்கக் கூடாது, சும்மா வைத்திருந்தாலே கரையும். கடிக்க வேண்டியிருந்தால் அது நல்ல மக்ரூன் இல்லை, கடையை மாற்றுங்கள். மழைக்காலத்தில் வாங்காதீர்கள், காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும்.

ராத்திரி "நைட் கிளப் போகலாமா?" என்று கேட்டேன். நண்பன் மனைவி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எங்கள் ஊரில் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்றுதான் பெயர், பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருப்பார்கள். சாயங்காலம் திறந்து நடுராத்திரி வரை ஓடும். பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, "அண்ணாச்சி, சால்னா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு ஊறுவதற்கு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரன் பொறுக்கவில்லை, அது அவன் நஷ்டம்.

இரண்டு நாள் கையில் இருந்தால் சுற்றுவட்டாரத்துக்குக் குறைவில்லை. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, பாரதி பிறந்த எட்டயபுரம், முதுமக்கள் தாழி தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூர், தெற்கே கடற்கரையோடு காயல்பட்டினம், திருச்செந்தூர், தசராவுக்குக் குலசேகரப்பட்டினம். குலசையில் இப்போது ராக்கெட் ஏவுதளமும் வருகிறது. எனக்கு ஒன்றே ஒன்று சொல் என்றால் மணப்பாடு. அங்கே மணல்மேட்டில் சிலுவைக் கோவில், கீழே சவேரியார் தங்கிய குகை, அப்புறம் நல்ல அலை. அலை கேட்டவர்களை அங்கே அனுப்பிவிடுவேன்.

கெட்டதையும் சொல்லாமல் விட்டால் என் ஊரைப் பற்றி எழுதினதாக ஆகாது. 2018 மே 22இல் தாமிர ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது, மறுநாளும் சுட்டது, மொத்தம் 13 பேர் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஆலை மூடப்பட்டது. அந்தத் தெருக்களில் மே மாதம் வந்தால் இன்றும் பேச்சு தணிந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மழை குறைந்த ஊர் என்று மேலே எழுதினேனே, அந்த ஊரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நாலு நாள் நின்றது. தட்டையான ஊர், வடிய இடமில்லை. ஆச்சியின் கல்யாணப் பெட்டி ஊறிப்போனது.

பரோட்டா முடித்துவிட்டு மறுபடி பீச் ரோட்டுக்குப் போய் நின்றோம். தூரத்தில், துறைமுகத்துக்கு வெளியே, இருட்டுக்குள் வரிசையாக விளக்குகள். பிள்ளை விரல் விட்டு ஏழு எண்ணினாள், எனக்கு எட்டு வந்தது. "அதெல்லாம் ஊரா மாமா?" என்றாள். கப்பல், உள்ளே இடம் கிடைக்கும் வரை அங்கேயே நிற்கும் என்றேன். "எவ்வளவு நேரம்?" சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போது அவங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க என்று கேட்டாள். மறுநாள் காலையில் கிளம்பும்போது மக்ரூன் பெட்டியைத் திருச்செந்தூர் போய்ச் சேரும் வரை திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆத்தூர் தாண்டுவதற்குள் காலி என்று நண்பன் படம் அனுப்பினான்.